பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை

"டீமில் பேரைப் போட்டுட்டு, என் பையனை ஆடவே விடலையே!" என்று அங்கலாய்க்கும் தாய்மார்களுக்காக இந்த விஷயம்.

1975 மார்ச்சில் கோலாலம்பூரில் ஆண்கள் உலகக் கோப்பை ஹாக்கி. அஜித்பால் சிங் தலைமையில் நம் அணி. நம்ம சென்னை வி.ஜே. பிலிப்ஸும் அதில் உண்டு. அரை இறுதியில் மலேசியா 2-1 என்று முன்னால் நின்றது. 70 நிமிஷ ஆட்டத்தில் சில நிமிஷங்களே பாக்கி. அப்போதுதான் வெளியே உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானை உள்ளே அனுப்பினார்கள். பெனால்டி கார்னர் கிடைத்தது. கழுத்துத் தாயத்தை முத்தமிட்டார், அடித்தார், கோல்! கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் இன்னொரு கோல் போட, 3-2 என்று ஜெயித்தோம்.

இறுதி ஆட்டத்தில் முதல் கோல் பாகிஸ்தானுடையது. சுர்ஜித் சிங் அதைச் சமன் செய்ய, அசோக் குமார் வெற்றிக் கோலைப் போட்டார். 2-1! அசோக்கின் அப்பா தியான்சந்தும், அஸ்லமின் அப்பா அகமது ஷேர் கானும் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஒன்றாக ஆடித் தங்கம் வென்றவர்கள். 2023 வரை நடந்த 15 உலகக் கோப்பைகளில் நமக்குக் கிடைத்தது இந்த ஒன்றுதான். அஸ்லமின் அந்த ஒரு அடி இல்லாவிட்டால் அதுவும் கைநழுவியிருக்கும்.

உட்கார்ந்திருந்த நாளிலும் பயிற்சியை விடாதவனுக்குத்தான் கூப்பிட்டதும் கை நடுங்காது. ஆகவே, "சும்மா உட்கார்ந்துட்டா வந்தே?" என்று பிள்ளையைக் கேட்காதீங்க. "இன்னிக்கு என்ன கவனிச்சே, சொல்லு" என்று கேளுங்கள். மறுநாளும் மட்டையைத் தூக்கிக்கொண்டு உற்சாகமாகக் கிளம்புவான்.