பம்புசெட் பேரிங்: அளவைப் பார்க்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள்

கிணற்று மோட்டாருக்குப் பேரிங் மாற்றி இரண்டு மாதம் ஆகியிருக்காது, மறுபடியும் இரைச்சல். சரக்கு சரியில்லை என்கிறார் மெக்கானிக். மாட்டியது சரியில்லை என்கிறார் கடைக்காரர். இருவருக்கும் நடுவில் விவசாயி இரண்டாம் முறை பணம் கட்டுகிறார். அந்தப் பேரிங் என்னென்ன பாரம் சுமக்கிறது என்று தெரிந்துகொண்டால், யாரிடம் என்ன கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

மோனோபிளாக் மோட்டாரின் ஷாஃப்டுக்குக் குறுக்காக விழும் பாரம் ஒன்று: ரோட்டாரின் எடை, இம்பெல்லரைத் தண்ணீர் பக்கவாட்டில் நெருக்கும் விசை. ஷாஃப்டின் நீளவாக்கில் வரும் தள்ளுவிசை இன்னொன்று. இம்பெல்லரின் முதுகுப் பக்கம் தண்ணீரின் அழுத்தம் அதிகம், உறிஞ்சும் வாய்ப் பக்கம் குறைவு. அதனால் இம்பெல்லர் வாய்ப் பக்கமாகத் தள்ளப்பட்டு, ஷாஃப்டையும் சேர்த்து இழுக்கிறது. இதைத் தணிக்கத்தான் பல இம்பெல்லர்களில் சிறு துளைகள் வைக்கிறார்கள். சேறோ உப்புப் படிவோ அவற்றை அடைத்தால் தள்ளுவிசை ஏறும்.

இரண்டு பாரமும் சேரும்போதுதான் ஆபத்து. 6205 பேரிங்கில் குறுக்காக 100 கிலோ பாரம் இருக்கிறது என்று வையுங்கள். நீளவாக்கிலும் 100 கிலோ சேர்ந்தால், கணக்குப்படி அது ஏறக்குறைய 200 கிலோ குறுக்குப் பாரத்துக்குச் சமம். பாரம் இரண்டு மடங்கானால் பால் பேரிங்கின் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும்.

கடையில் ஏமாறும் இடம் இதுதான். 6305, 7305, என்யு 305 மூன்றுக்குமே உள்விட்டம் 25, வெளிவிட்டம் 62, அகலம் 17 மில்லிமீட்டர். 6305 இரு பக்கத் தள்ளுவிசையையும் ஓரளவு தாங்கும். 7305 ஒரு பக்கத் தள்ளுவிசையை நன்றாகத் தாங்கும், திருப்பி மாட்டினால் கெட்டுவிடும். என்யு 305 உருளை பேரிங், தள்ளுவிசைக்கு ஆகவே ஆகாது. "அளவு கரெக்டா இருக்குங்க" என்ற சொல்லை நம்பி மாட்டவிடாதீர்கள். ஷாஃப்டில் ஏற்றும்போது வெளிவளையத்தைச் சுத்தியலால் அடிப்பதையும் தடுங்கள். அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் தடத்தில் பள்ளம் விழும்.

இரைச்சலோடு மோட்டாரை ஓட்டவே கூடாது. பேரிங் தளர்ந்தால் ரோட்டார் ஸ்டேட்டரில் உரசி காயில் எரியும். பாடியில் மின்சாரம் கசியலாம். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது உயிராபத்து. எர்த்தும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் கட்டாயம் வேண்டும்.

கழற்றிய பேரிங்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், அது சாட்சி. குறுக்குப் பாரம் மட்டும் இருந்தால் வெளிவளையத் தடத்தின் நடுவில், ஒரு பக்கத்தில் மட்டும் தேய்மானம் தெரியும். தள்ளுவிசை அதிகமாக இருந்திருந்தால் தேய்மானம் ஓரமாக ஒதுங்கி, சுற்று முழுவதும் ஓடியிருக்கும்.

பேரிங்கின் எண்ணும் பிராண்டும் எழுதிய பில் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். சொந்தப் பிழைப்புக்காகப் பம்பு வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான். பெயர்பெற்ற பிராண்டின் முத்திரையைப் போலியாகப் பதித்து விற்பது தண்டனைக்குரிய குற்றம். முதலில் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பில், பேரிங் வந்த அட்டைப்பெட்டி, கழற்றிய பேரிங்கின் படம் மூன்றையும் மனுவோடு இணையுங்கள்.