காவல் கப்பலின் கடமை

ஒரு நாட்டின் அடுப்பு எரிவதும் அணைவதும் கடலை நம்பியே இருந்த காலம் ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது (1939–1945) பிரிட்டனின் நிலை அதுதான். கோதுமையும் இறைச்சியும் எண்ணெயும் கப்பலேறித்தான் அத்தீவை அடைய வேண்டும். அக்கப்பல்களை மூழ்கடித்துவிட்டால் நாடு பசியால் பணிந்துவிடும் என்று ஜெர்மனி கணக்கிட்டது.

தனித்துச் செல்லும் வணிகக் கப்பல் நீர்மூழ்கிக்கு எளிய இரை. எனவே முப்பது, நாற்பது கப்பல்களை ஓரணியாகத் திரட்டி, சுற்றிலும் போர்க்கப்பல்களைக் காவல் நிறுத்தி அனுப்பினார்கள். இதுவே ‘கான்வாய்’. சிதறிச் செல்லும் நாற்பது கப்பல்களுள் ஏதேனும் ஒன்றைக் காண்பது பகைவனுக்கு எளிது. ஒன்றாய்ச் செல்லும் அணியைப் பெருங்கடலில் தேடிப் பிடிப்பது கடினம். கண்டாலும் காவலைக் கடந்தே நெருங்க வேண்டும்.

காவலுக்குச் செல்பவனுக்குப் பொறுமை வேண்டும். அணியில் மிக மெதுவாகச் செல்லும் கப்பலின் வேகமே அனைவரின் வேகம். பகைவனைக் கண்டதும் துரத்திச் செல்ல வீரனின் கை துடிக்கும். ஆயினும், அணியைப் பத்திரமாகவும் உரிய காலத்திலும் கரை சேர்ப்பதே அட்லாண்டிக் காவல் கப்பல்களுக்கு விதிக்கப்பட்ட முதற்கடமை. பகைவனை அழிப்பது அதற்கு அடுத்ததே.

பெங்கால் காட்டிய வழி

ஒரேயொரு கப்பலைக் காக்கும்போதும் கடமை இதுவே. 1942 நவம்பர் 11 அன்று இந்துமாக்கடலில் இது சோதனைக்கு உள்ளாயிற்று. ராயல் இந்தியக் கடற்படையின் ‘பெங்கால்’ என்னும் சிறிய போர்க்கப்பல், ‘ஒண்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக ஆஸ்திரேலியாவிலிருந்து டியாகோ கார்சியாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. பெங்காலின் மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்.

கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, ‘ஹோகோகு மாரு’, ‘ஐகோகு மாரு’ என்ற இரு ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்டது. பெங்காலோ ஏறத்தாழ 650 டன்! அதிலிருந்த பெரிய பீரங்கி ஒன்றே. அதன் வாய் மூன்றே அங்குலம்.

தளபதி வில்சன் என்ன செய்தார்? எண்ணெய்க் கப்பலைத் தப்பிச் செல்லப் பணித்துவிட்டு, தம் கப்பலைப் பகைவரை நோக்கிச் செலுத்தினார். ஒண்டினாவும் தன் ஒற்றைப் பீரங்கியால் சுட்டது. ஹோகோகு மாரு தீப்பற்றி, வெடித்து மூழ்கியது. அதை வீழ்த்திய குண்டு எந்தக் கப்பலுடையது என்ற விவாதம் பின்னர் எழுந்தது.

குண்டுகள் ஏறக்குறையத் தீர்ந்த நிலையில் பெங்கால் விலகிச் சென்றது. ஒண்டினாவின் கேப்டன் ஹார்ஸ்மன் கொல்லப்பட்டார். உயிர்காப்புப் படகுகளில் இறங்கியவர்களும் சுடப்பட்டனர். ஐகோகு மாரு அகன்றபின், எஞ்சியோர் தம் கப்பலில் மீண்டும் ஏறி, தீயை அணைத்து, ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டில் துறைமுகத்தை அடைந்தனர். பெங்காலும் டியாகோ கார்சியா போய்ச் சேர்ந்தது. ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தை உயிரினும் மேலாக மதித்ததற்கு இது நல்ல சான்றன்றோ?

கடலே கபுறானவர்கள்

ஆனால், காவல் எப்போதும் வென்றுவிடவில்லை. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் அடித்தளத்தில், கொதிக்கும் உலைகளின் முன் நிலக்கரி அள்ளிப் போட்டவர்களில் பலர் சில்ஹெட் பகுதியைச் சேர்ந்த ஏழை முஸ்லிம்கள். டார்பிடோ தாக்கினால் முதலில் வெள்ளம் புகுவது பெரும்பாலும் அவர்கள் இருந்த இடத்தில்தான். மேல்தளத்துக்கு ஏறிவர அவகாசம் ஏது?

கடலைத் தவிர வேறு கபுறு இல்லாத, பிரிக்கப்படாத இந்தியாவின் வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவு ஏடுகளில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் போரை விரும்பிச் சென்றவர்களல்லர்; குடும்பத்திற்குச் சோறு தேடிச் சென்றவர்கள்.

போர் வரலாற்றைப் படிக்கும்போது மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களின் கணக்கு உங்கள் கண்ணில் எளிதில் படும். கரை சேர்ந்த கப்பல்களையும், அவற்றைக் கரை சேர்க்க உழைத்து மடிந்த இந்த எளியவர்களையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.