குவியலுக்குள் நுழைந்த கை

மதீனாவின் கடைத்தெருவில் இருந்த தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் தமது கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி கூறினார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என அறிவித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது. ஈரமான தானியத்தை விற்றது அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை, மறைத்ததே குற்றம். மறைத்ததைக் கண்டறிய மேற்பரப்பைப் பார்த்தால் போதாது, கை உள்ளே செல்ல வேண்டும்.

இன்றைய பால் சோதனையும் இதே இடத்தில்தான் நிற்கிறது. பாலில் நீர் சேர்ந்தால் அடர்த்தி குறையும். லாக்டோமீட்டர் கூடுதலாக அமிழ்ந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் கொழுப்பு இலேசானது. ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும். பிறகு அளவாக நீர் ஊற்றினால் கருவி பழைய அளவையே காட்டும்! சர்க்கரையும் மாவும் யூரியாவும் சேர்ப்பதும் இவ்வாறு கருவியை ஏமாற்றத்தான். ஆகவே கொழுப்பைத் தனியாகவும் பிற திடப்பொருள்களைத் தனியாகவும் ஆய்வகத்தில் அளக்கிறார்கள். சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதமும் ஏனைய திடப்பொருள் 8.5 சதவீதமும் இருந்தாக வேண்டும்.

ஆய்வகத்தையே ஏமாற்றியவர்களும் உண்டு. புரதத்தை நேராக அளக்காமல், அதிலுள்ள நைட்ரஜனை அளந்து கணக்கிடுவது வழக்கம். சீனாவில் நீர் சேர்த்த பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமைனைக் கலந்தனர். சோதனையில் புரதம் நிறைவாகத் தெரிந்தது. குழந்தைகளின் சிறுநீரகத்தில் கற்கள் உருவாயின. 2008இல் ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 6 குழந்தைகள் இறந்தனர்.

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ளது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் தாம் எடுக்கும் மாதிரியை நான்கு பாகங்களாக்கி முத்திரையிடுகிறார். ஒரு பாகம் பகுப்பாய்வாளருக்குச் செல்லும். 14 நாட்களுக்குள் அறிக்கை வர வேண்டும். வியாபாரி கேட்டால் ஒரு பாகம் அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கும் அனுப்பப்படும். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நீதி வேண்டுமல்லவா?

அலுவலர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அச்சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி, வாங்குபவரே கட்டணம் செலுத்திப் பொருளைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். வாங்கும்போதே அந்நோக்கத்தை விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். குறை உறுதியானால் கட்டணம் திருப்பித் தரப்படும்.