ஒலியறிந்து பழுது நீக்கல்

நுழையும்முன்

பழுதுற்ற இயந்திரம் பேசுவதில்லை, ஆனால், ஒலிக்கிறது. அவ்வொலியை வேறுபடுத்தி அறிந்து, தக்க சொல்லால் குறிக்கத் தெரிந்தவர், பழுது நீக்கும் பணியில் பாதியை முடித்தவராகிறார். மகிழுந்தின் பவர் ஸ்டியரிங்கில் எழும் ஒலிகளைக் கொண்டு அதன் குறைகளை அறிந்து களையும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தொழிற்கல்வி வளர்த்த ஊர்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் நாசரேத். இங்குப் பணியாற்றிய ஆர்தர் மர்காஷிஸ், தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டிய காலத்தில், 1878ஆம் ஆண்டு, கலைத் தொழிற்பள்ளியைத் தொடங்கினார். கைத்தொழில் ஒன்றைக் கற்றவர் பிறர் கையை எதிர்பாராமல் வாழலாம் என்பதே அத்தகைய கல்வியின் அடிப்படை. தச்சரும் கொல்லரும் கண்ணாலும் கையாலும் அறிந்தவற்றை, ஊர்தி பழுதுபார்ப்பவர் செவியாலும் அறிய வேண்டியவராகிறார்.

நாசரேத்தைச் சூழ்ந்த பகுதியில் செம்மணல் தேரிகள் உள்ளன; கிழக்கே கடலும் உப்பளங்களும் இருக்கின்றன. நுண்மணல் ரப்பர் உறைகளின் வெடிப்புகளில் புகும். உப்புக்காற்று இரும்புக் குழாய்களையும் பிடிப்பு வளையங்களையும் துருவேற்றும். எனவே, இப்பகுதியில் ஓடும் ஊர்திகளுக்குத் திசைமாற்றும் அமைப்பின் பராமரிப்பு மிகவும் இன்றியமையாதது.

இயங்கும் முறை

நின்றுகொண்டிருக்கும் ஊர்தியின் சக்கரங்களைத் திருப்ப மிகுந்த விசை வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ், எண்ணெயின் அழுத்தத்தால் அவ்விசையைப் பெறும் அமைப்பை 1926இல் ஊர்தியில் பொருத்திக் காட்டினார். 1951இல் கிரைஸ்லர் நிறுவனம் இத்தகைய வசதியுடைய மகிழுந்தை விற்பனைக்குக் கொணர்ந்தது.

இவ்வமைப்பில், எஞ்சினோடு பெல்ட்டால் இணைக்கப்பட்ட பம்பு ஒன்று சுழல்கிறது. அது சிறு கலத்திலிருந்து எண்ணெயை உறிஞ்சி, அழுத்தத்துடன் குழாய் வழியே செலுத்துகிறது. ஓட்டுநர் திருப்பும் திசைக்கேற்ப அவ்வழுத்தம் சக்கரங்களைத் திருப்பத் துணைசெய்கிறது. பணி முடித்த எண்ணெய் மீண்டும் கலத்தை அடைகிறது.

நால்வகை ஒலிகள்

முதலாவது, முனகல். திருப்பும்போது மிகுந்து, எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் இவ்வொலி, எண்ணெய் குறைந்ததையோ அதில் காற்று கலந்ததையோ பெரும்பாலும் உணர்த்தும். இரண்டாவது, கிறீச்சொலி. இது தளர்ந்த அல்லது தேய்ந்து வழவழப்பான பெல்ட் வழுக்குவதால் எழுவது. மூன்றாவது, சீறல். ஸ்டியரிங்கை இறுதிவரை திருப்பியவுடன், மிகுதியான அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு திறப்பதால் இது கேட்கலாம். இது பழுதன்று, ஆயினும், அந்நிலையில் சில நொடிகளுக்கு மேல் பிடித்திருந்தால் எண்ணெய் சூடேறிப் பம்பு கெடும். நான்காவது, கடகட என்னும் ஒலி. குண்டும் குழியுமான சாலையில் இது கேட்டால், சக்கரங்களை இணைக்கும் மூட்டுகள் தேய்ந்திருக்கலாம். இம்மூட்டு கழன்றால் சக்கரம் கட்டுப்பாட்டை இழக்கும். ஆதலின், இவ்வொலியைப் பொறுத்துக்கொண்டு ஊர்தியை ஓட்டுதல் கூடாது.

தெரிந்து தெளிவோம்: ‘கடகட’, ‘மடமட’ போன்றவை இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தாரா. இவற்றை இரட்டைக்கிளவி என்பர். ‘வண்டியில் ஏதோ சத்தம்’ என்பதைவிட, ‘திருப்பும்போது முனகுகிறது’, ‘பள்ளத்தில் இறங்கும்போது கடகடவென்கிறது’ என்பன பழுதுபார்ப்பவருக்குப் பயன்தரும்.

எளியதிலிருந்து அரியதற்கு

முனகல் கேட்டவுடன் பம்பை மாற்றுதல் பொருந்தாது. முதலில் ஊர்தியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கலத்தில் எண்ணெய் குறியிட்ட அளவில் உள்ளதா எனக் காணவேண்டும். நுரைத்திருந்தால் காற்று புகுந்துள்ளது. கறுத்துக் கருகிய மணம் வீசினால் எண்ணெய் கெட்டுள்ளது. கையேட்டில் குறித்த வகை எண்ணெயையே ஊற்றவேண்டும். பொருந்தாத வகை ரப்பர் அடைப்பான்களைக் கெடுத்துவிடும்.

எண்ணெய் எரிந்து தீர்வதன்று. குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது. குறைந்ததை நிரப்புவது பாதிப் பணியே; குறைந்த காரணத்தைக் கண்டு களைவதே மீதிப் பணி. கலத்திலிருந்து பம்புக்குச் செல்லும் குழாயின் பிடிப்பு வளையம் தளர்ந்திருப்பின், ஒரு துளியும் சொட்டாமலே காற்று உள்ளே புகுவதுண்டு. விலை குறைந்த வளையத்தைக் கவனியாமல் விலை மிகுந்த பம்பை மாற்றினால், புதிய பம்பும் அவ்வாறே முனகும்.

கசிவை அடைத்தபின் காற்றை வெளியேற்ற வேண்டும். முன்சக்கரங்களை உயர்த்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளில் நிறுத்த வேண்டும். எஞ்சின் இயங்காத நிலையில் ஸ்டியரிங்கை இருபுறமும் இறுதிவரை மெல்லப் பலமுறை திருப்பி, குறையும் எண்ணெயை நிரப்பிக்கொண்டே வரவேண்டும். பின்னர் எஞ்சினை இயக்கி, குமிழிகள் மறையும்வரை மீண்டும் திருப்ப வேண்டும். எண்ணெய், குழாய், பெல்ட் ஆகிய அனைத்தும் சீராயிருந்தும் முனகல் நீடித்தால் மட்டுமே பம்பை ஐயுறலாம்.

பெல்ட் அறுந்தாலும் பம்பு நின்றாலும் ஸ்டியரிங் மிகக் கடினமாகும். எனினும், சக்கரங்களோடு உள்ள இணைப்பு அறுவதில்லை. ஓட்டுநர் பதறாமல், வேகத்தைக் குறைத்து, வலுவாகத் திருப்பிச் சாலையோரம் நிறுத்தலாம். இன்றைய சிறிய மகிழுந்துகள் பலவற்றில் எண்ணெய்க்கு மாற்றாக மின்மோட்டார் துணைசெய்கிறது. அவற்றில் எண்ணெயும் பம்பும் இல்லை; ஆயினும், மூட்டுகள் உண்டு. ஆதலின், கடகட ஒலியின் எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும்.

எப்போது ஒலிக்கிறது, எதனோடு சேர்ந்து கூடிக் குறைகிறது என்னும் இரு வினாக்களை எழுப்பிவிட்டே தேர்ந்த தொழிலாளர் கருவியைக் கையில் எடுக்கிறார். அவ்வினாக்கள் ஊர்திக்குரியவரின் பொருளையும், ஊர்தியில் செல்வோரின் உயிரையும் காக்கின்றன.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்ப் பட்டறைகளில் இயந்திர ஒலிகளைக் குறிக்க வழங்கும் சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றும் உணர்த்தும் பழுதினை எழுதுக.