நுளம்பை வெல்லும் இரு கணினித் துறைகள்

2017 மார்ச்சில் கிண்ணியாவை உலுக்கிய டெங்குக் காய்ச்சலை மூதூரும் கட்டைபறிச்சானும் எளிதில் மறந்துவிட முடியாது. அவ்வாண்டில் நாடெங்கும் 186,101 நோயாளர் பதிவாகினர். நுளம்புக்குத் தமிழ்க் கிராமம், முஸ்லிம் கிராமம் என்ற பேதமில்லை.

இந்நோயை எதிர்கொள்ள இன்று கணினியும் துணை நிற்கின்றது. அதில் இரு துறைகள் உள. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோரே அதிகம்.

டெங்கு வைரசின் மரபணுத் தொடர் ஏறத்தாழ 10,700 எழுத்துகளைக் கொண்டது. நோயாளரிடமிருந்து பெறப்படும் இத்தகைய தொடர்களைச் சேமித்து, ஒழுங்குபடுத்தி, ஒப்பிடுவதற்கான வழிகளையும் மென்பொருள்களையும் ஆக்குவது உயிர்த்தகவலியல். வந்திருப்பது நான்கு வகை டெங்குவில் எது, எந்நாட்டு வைரசுக்கு உறவானது என்பதை அது காட்டும்.

மழை, நுளம்புப் பெருக்கம், மக்களின் நோயெதிர்ப்பு ஆகியவற்றைக் கணிதச் சமன்பாடுகளாக்கி, நோய் எவ்வாறு பரவும், எங்கு தடுத்தால் அடங்கும் என ஆராய்வது கணிப்பீட்டு உயிரியல். கணினி தோன்றுமுன்னரே, 1911இல், மலேரியாவுக்கு இத்தகைய கணிதத்தை வகுத்தவர் ரொனால்ட் ரொஸ்.

சுருங்கக் கூறின், முன்னது தரவைப் பயன்படுத்தும் கருவியை ஆக்குகின்றது. பின்னது உயிரின் இயக்கத்தை விளக்க முனைகின்றது. இடையே உறுதியான வேலி இல்லை. ஒரே ஆய்வாளர் இரண்டையும் செய்வதுண்டு.

ஆயினும் இரண்டுக்கும் மூலதனம் ஒன்றே: கிராமத்து வைத்தியசாலையில் உரிய வேளையில் பதியப்படும் உண்மையான தரவு. அது பிந்தினால் எந்தக் கணினியும் எச்சரிக்காது. உயர்தரத்தில் உயிரியலையும் கணிதத்தையும் தனித்தனிப் பிரிவுகளாகக் கற்கும் எம் பிள்ளைகளுக்கு, இரண்டும் சந்திக்கும் இத்துறைகளை இப்போதே அறிமுகஞ் செய்வது ஆசிரியர்களின் கடமையாகும்.