மணலா, சவ்வா?

1892 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா புகுந்தது. சில வாரங்களுக்குள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனாவில் பாதிப்பு மிகக் குறைவு. இரண்டு ஊருமே எல்பே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தன. அதிலும் ஆல்டோனா எடுத்தது, ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு வரும் தண்ணீர். ஆனால் ஆல்டோனா அதை மணலில் வடிகட்டியது. ஹாம்பர்க் வடிகட்டாமலே குழாயில் விட்டது.

மணலுக்கு இவ்வளவு வல்லமையா? மணல் துகள்களுக்கு நடுவே உள்ள சந்து காலராக் கிருமியைவிடப் பல மடங்கு பெரிது. உண்மையில் பெரும்பாலான வேலையைச் செய்வது, மணலின் மேற்பரப்பில் நாளடைவில் படரும் வழவழப்பான உயிர்ப்படலம்தான். அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் கிருமிகளைத் தின்று தீர்க்கின்றன. அவசரம் கூடாது; தண்ணீர் மணிக்கு 10, 20 சென்டிமீட்டர்தான் இறங்க வேண்டும். எனவே ஏக்கர் கணக்கில் தொட்டி கட்ட இடம் தேவை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1914இல் தொடங்கிய குடிநீர் நிலையம் இந்த வகைதான்.

இடமும் பொறுமையும் இல்லாத நகரங்கள் விரைவு மணல் வடிகட்டிக்கு மாறின. அதில் மணிக்கு 5 மீட்டருக்கும் மேல் தண்ணீர் பாயும். உயிர்ப்படலம் உருவாக நேரமில்லை. பதிலுக்குப் படிகாரம் போட்டுக் கலங்கலைத் திரளச் செய்கிறார்கள். குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து ஆற்றுநீரைத் தெளியவைத்த பாட்டிமாருக்கு இது புதிதல்ல. தெளிந்தாலும் கிருமி கொஞ்சம் தப்பிவிடும். அதற்குத்தான் கடைசியில் குளோரின்.

வீட்டு வடிகட்டிகளுக்கு வந்தால் ஆட்சி, நுண்துளைச் சவ்வுகளுடையது. யு.எஃப். (அல்ட்ராஃபில்ட்ரேஷன்) சவ்வின் துளை ஒரு மைக்ரானில் நூறில் ஒரு பங்கு அளவு. பாக்டீரியா நுழையாது, உப்பு நுழையும். ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) சவ்வு உப்பு, ஃபுளோரைடு ஆகியவற்றையும் பெருமளவு நிறுத்திவிடும். அதற்கு விலை உண்டு: ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகும். யு.வி. (புற ஊதாக்கதிர்) விளக்கு எதையும் வடிகட்டாது, கிருமியைச் செயலிழக்கச் செய்யும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் அதுவும் சரியாக நடக்காது.

தருமபுரிப் பக்கம் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருப்பவருக்கு ஆர்.ஓ. ஆடம்பரமல்ல. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். உப்பு குறைவான ஆற்றுநீர் குழாயில் வருகிற வீட்டில் கதையே வேறு. கரைந்த உப்புகளின் அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வுக்குத் தடை விதிக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டது. அங்கே யு.எஃப்.பும் யு.வி.யும் சேர்ந்த கருவியே என் தேர்வு.

ஆனால் ஆர்.ஓ. கருவி விற்க வருபவர் விடமாட்டார். இரண்டு டம்ளரில் மின்கம்பிகளை விடுவார். குழாய்த் தண்ணீர் செங்காவியாக மாறும், ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருக்கும். வீட்டில் எல்லாருக்கும் வயிற்றைப் புரட்டும். அந்தக் காவி தண்ணீரில் இருந்த அழுக்கல்ல. உப்புள்ள நீரில் மின்சாரம் பாய்வதால் அவர் கொண்டுவந்த இரும்புக் கம்பியே கரைந்து துருவாகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லிப் பாருங்கள்.