வேதிச்சிகிச்சையால் ஏற்படும் குளிர் மிகையுணர்வு

வேதிச்சிகிச்சையால் ஏற்படும் குளிர் மிகையுணர்வு என்பது, சில புற்றுநோய் மருந்துகளைப் பெறுவோர் குளிர்ந்த பொருளைத் தொடும்போதோ குளிர்ந்த நீரைப் பருகும்போதோ விரல்கள், உதடுகள், தொண்டை ஆகியவற்றில் கூச்சம், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற வலி தோன்றும் நிலை ஆகும். பெருங்குடல், இரைப்பைப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் ஆக்சாலிபிளாட்டின் என்னும் மருந்தே இதற்கு முதன்மையான காரணம்.

இது குளிர்நாடுகளுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தொடும் திருச்சிராப்பள்ளியிலும் குளிர்பதனப் பெட்டி, குளிர்சாதன அறை, பானைத் தண்ணீர் ஆகியவை இவ்வுணர்வைத் தூண்டும்.

காரணம்

ஆக்சாலிபிளாட்டின் 1976 இல் சப்பானின் நகோயா நகரப் பல்கலைக்கழகத்தில் யோசினோரி கிடானி என்பவரால் கண்டறியப்பட்டது. இது உடலில் சிதையும்போது வெளிப்படும் ஆக்சலேட்டு, கால்சியத்துடன் பிணைந்து நரம்புகளின் சோடியம் வாயில்களைப் பாதிப்பதாகக் கருதப்படுகிறது. இதனால் நரம்புகள் எளிதில் கிளர்வுறுகின்றன. குளிர் அதனை மிகுவிக்கிறது.

வகைகள்

உடனடி வகை: மருந்து ஏற்றிய சில மணி நேரத்தில் தொடங்கும். பெரும்பாலும் சில நாட்களில் மறைந்து, அடுத்த சுற்றில் மீண்டும் வரும்.

நாட்பட்ட வகை: குளிர் இல்லாமலேயே கைகால்கள் மரத்துப்போகும். மொத்த மருந்தளவு உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 800 மில்லிகிராமைத் தாண்டும்போது மிகுதியாகக் காணப்படும். மருந்தை நிறுத்திய பின்னரும் சில மாதங்கள் கூடி, பிறகு மெல்லக் குறையலாம். சிலருக்கு நீடிப்பதும் உண்டு.

தொண்டை இறுக்கம்

குளிர்நீர் பருகியவுடன் சிலருக்கு மூச்சடைப்பது போலத் தோன்றும். உண்மையில் மூச்சுப்பாதை அடைபடுவதில்லை. அமைதியாக அமர்ந்து, வாயையும் மூக்கையும் துண்டால் மூடி, வெதுவெதுப்பான காற்றைச் சுவாசித்தால் தணியும். ஆனால் தடிப்பு, முகவீக்கம், இளைப்பு சேர்ந்து வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே மருத்துவ உதவி தேவை.

அன்றாட வாழ்வில்

- குடிநீர், மோர், இளநீர் ஆகியவற்றை அறை வெப்பநிலையிலோ அதைவிடச் சற்றுச் சூடாகவோ பருகுதல்.
- குளிர்பதனப் பெட்டியிலிருந்து பொருட்களை எடுக்கக் கையுறை அணிதல், அல்லது பிறரை எடுத்துத் தரச் சொல்லுதல்.
- மருந்தேற்றும் நாளில் காலுறையும் போர்வையும் கொண்டு செல்லுதல்.
- விடியற்காலையில் குழாய் நீரைத் தவிர்த்து வெந்நீரைப் பயன்படுத்துதல்.

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையில் அமைந்த திருவரங்கத்தில் மார்கழி விடியலில் ஆற்றில் நீராடுவதும் குளிர்ந்த கருங்கல் தளத்தில் வெறுங்காலுடன் நடப்பதும் வழக்கம். மருந்தேற்றிய நாட்களில் இவற்றை ஒத்திவைப்பது நலம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் தொற்றுக்கும் வாய்ப்புண்டு. கோடையில் நிலை தலைகீழாகிறது: பாதம் மரத்துப்போனவர் நண்பகலில் சுடுகல்லில் நடந்தால் கொப்புளம் எழும்வரை சூட்டை உணராமல் போகலாம். வெயில் தாழ்ந்தபின் செல்வதும், திரும்பியவுடன் உள்ளங்காலைப் பார்ப்பதும் பாதுகாப்பானவை.

பிற பக்க விளைவுகள்

வாய்ப்புண்: புளோரோயூராசில் ஏற்றும்போது பனிக்கட்டியைச் சுவைப்பது வாய்ப்புண்ணைக் குறைக்கும். எனினும் ஆக்சாலிபிளாட்டினும் சேர்த்துப் பெறுவோர் இதனைத் தவிர்க்க வேண்டும். உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரால் கொப்பளிக்கலாம்.

காய்ச்சல்: வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் 38 பாகை செல்சியசு (100.4 பாகை பாரன்கைட்டு) காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். தாமே மாத்திரை உட்கொண்டு விடியும்வரை காத்திருத்தல் கூடாது. தேவையெனில் 108 அவசர ஊர்தியை அழைக்கலாம்.

வயிற்றுப்போக்கு: குளிரூட்டப்படாத உப்பு-சர்க்கரைக் கரைசல் நீரிழப்பைத் தடுக்கும். நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும்.

மருத்துவரிடம் தெரிவித்தல்

சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள் என்னும் அச்சத்தால் சிலர் மரத்துப்போதலை மறைக்கின்றனர். இது நிலையான நரம்புச் சேதத்திற்கு வழிவகுக்கலாம். சட்டைப் பொத்தான் இடுவதும் பூத்தொடுப்பதும் கடினமானால் அதனைத் தெரிவிக்க வேண்டும். மருந்தளவைக் குறைப்பது, ஆக்சாலிபிளாட்டினை மட்டும் நிறுத்திப் பிற மருந்துகளைத் தொடர்வது ஆகிய வழிகள் உள்ளன. மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயில், நோயாளிகள் பலருக்கு 6 மாதங்களுக்குப் பதில் 3 மாதச் சிகிச்சையே ஏறத்தாழ நிகரான பயன் தருவதையும் நரம்புப் பாதிப்பு மிகக் குறைவதையும் 2018 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. எவருக்கு எக்காலம் பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.